புகை எட்டாத இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் கறிக்கடைக்குப் போனால் தொடை கிடைக்கும், நெஞ்செலும்பு கிடைக்கும், கழுத்துக்கறிகூடக் கிடைக்கும். ஈரல் கிடைக்காது. சுவரொட்டி என்று வாயைத் திறந்தாலே கடைக்காரர் சிரிப்பார். "ஆட்டுக்கு ஒண்ணுதானே சார் இருக்கு. நேத்தே சொல்லி வெச்சுட்டாங்க." சொல்லி வைத்த வீட்டில் ஒரு பெண் பிள்ளை பெற்றிருப்பாள், அல்லது யாருக்கோ ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருப்பார்.

இந்த அவசரத்துக்கு ருசியும் மருத்துவமும் மட்டும் காரணமில்லை. வெட்டிய ஆட்டில் முதலில் கெட்டுப்போவது உள்ளுறுப்புகள். ஈரல் நொதிகளால் நிரம்பிய ஒரு தொழிற்சாலை. உயிர் போன பிறகும் அந்த நொதிகள் வேலையை விடுவதில்லை. செரிக்க வேறெதுவும் இல்லாதபோது ஈரலையே செரிக்கத் தொடங்கும். அதிலுள்ள ரத்தமும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பும் ஈரமும் நுண்ணுயிரிகளுக்குப் பந்தி விரித்த மாதிரி. குடல் சங்கதி இன்னும் மோசம், அது பாக்டீரியாவின் சொந்த வீடு. நம் வெயிலுக்கு இவற்றை வெட்டிய அன்றே தின்று முடிப்பதுதான் சரி. உப்புக்கண்டம் போடுகிற வீட்டிலும் சதைக்கறியைத்தான் உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் கோப்பார்கள். ஈரலைக் கோத்து நான் பார்த்ததில்லை.

குளிர் நாட்டுக் கணக்கு வேறு. அங்கே பழைய வழக்கப்படி குளிர்காலத்தில் ஒரே நாளில் ஒரு முழுப் பன்றியை அடிப்பார்கள். ஈரல், இதயம், நாக்கு, இரைப்பை, கெஜக்கணக்கில் குடல் எல்லாம் ஒரே நேரத்தில் கையில் வந்து விழும். ஒரு குடும்பம் அன்றைக்கே தின்று தீர்க்க முடியாது. எறியவும் மனம் வராது. அடுப்புக்கு மேலே புகை போய்க்கொண்டுதான் இருக்கிறது, அதில் தொங்கவிட்டார்கள். புகை போட்ட ஈரல் சாசேஜ், புகை போட்ட நாக்கு, புகை போட்ட குடல் எல்லாம் அப்படி வந்தவை.

இவற்றில் எனக்குப் பிடித்த உதாரணம் கோர்சிகாவின் ஃபிகாடெல்லு. கோர்சிகா மத்தியதரைக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மலைத்தீவு. மலைச்சரிவெல்லாம் செஸ்ட்நட் மரங்கள். இலையுதிர்காலத்தில் உதிரும் கொட்டைகளைக் காட்டில் மேயும் பன்றிகள் தின்று கொழுக்கும். குளிர் வந்ததும் வெட்டுவார்கள். ஈரலோடு இதயம் போன்ற உறுப்புகளும் கொஞ்சம் கொழுப்பும் சேர்த்து நறுக்கி, பூண்டும் மிளகும் ஒயினும் கலந்து, குடலில் அடைத்து, சில நாட்கள் விறகுப் புகையில் தொங்கவிடுவார்கள். கறுத்த, ஒல்லியான, லாடம் போல வளைந்த சாசேஜ். பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ரோமானியர்கள் அத்திப்பழம் ஊட்டி வளர்த்த விலங்கின் ஈரலை விரும்பித் தின்றார்கள். லத்தீனில் அத்திப்பழத்துக்கான சொல் அப்படியே ஈரலின் மேல் ஏறிக்கொண்டது. இத்தாலியரின் 'ஃபேகத்தோ', பிரெஞ்சுக்காரரின் 'ஃபுவா', ஸ்பானியரின் 'இகாதோ' எல்லாம் ஈரலைக் குறிக்கும் சொற்கள். மூன்றுக்கும் வேர் அத்திப்பழம்தான். ஃபிகாடெல்லுவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

புதிதாக இருந்தால் ஃபிகாடெல்லுவைக் கனலில் சுடுவார்கள். கொழுப்பு உருகிச் சொட்டும்போது ரொட்டித் துண்டை வைத்து அதைத் தொட்டு எடுப்பார்கள். பல வாரம் காய்ந்து இறுகிவிட்டாலோ கத்தியால் சீவி அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். நடுவரை வெந்துவிட்டால் முதல் வழக்கத்தில் பெரிய பிரச்சினை இல்லை. இரண்டாவது வழக்கத்தில்தான் இந்தக் கட்டுரையின் சிக்கல் இருக்கிறது. புகை பட்டது வெந்தது ஆகுமா?

புகை என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். மரம் முக்கியமாக மூன்று பொருள்களால் ஆனது: செல்லுலோஸ், அதன் தம்பி மாதிரியான ஹெமிசெல்லுலோஸ், மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின். காற்று போதாமல் விறகு கனலும்போது மூன்றும் எரிந்து சாம்பலாகாமல் உடைந்து ஆவியாகின்றன. முதல் இரண்டிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடும் அசெட்டிக் அமிலமும் பாக்டீரியாவுக்கு ஆகாதவை. அவற்றோடு வரும் வேறு சில சேர்மங்கள் இறைச்சியின் புரதத்தோடு வினைபுரிந்து அந்தச் செம்பழுப்பு நிறத்தைத் தருகின்றன. லிக்னின் உடைந்தால் குவாயகால், சிரிங்கால் என்ற ஃபீனால்கள் கிடைக்கும். 'புகை வாசனை' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். இவை கொழுப்பு காறாமலும் பார்த்துக்கொள்ளும். கூடவே வெப்பக் காற்றில் மேல்தோல் உலர்ந்து இறுகுவதால் ஈரம் தேடும் கிருமிகளுக்கு அங்கே இடம் இல்லாமல் போகிறது.

கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் இத்தனையும் மேலே சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் முடிந்துவிடுகிறது. பிரியாணிச் சட்டிக்குள் கனன்ற கரித்துண்டை வைத்து, நெய் ஊற்றி மூடுகிறோமே, அதுவும் இதே வேதியியல்தான். ஐந்து நிமிடத்தில் வாசனை ஏறிவிடும். அதனால் பிரியாணி கெடாமல் இருக்கும் என்று யாரும் நம்புவதில்லை. சாசேஜ் விஷயத்தில் மட்டும் அந்த நம்பிக்கை வந்துவிடுகிறது. அதில் உண்மையில் பாதுகாப்புத் தருவது உப்பும் உலர்வும், பல நாடுகளில் சேர்க்கப்படும் நைட்ரைட்டும். குளிர்ப்புகை முறையில் புகையின் சூடு சுமார் 30 டிகிரியைத் தாண்டாது. சென்னையின் மே மாத நிழலே அதைவிடச் சூடு. அதில் எத்தனை நாள் தொங்கினாலும் சாசேஜின் நடுப்பகுதி பச்சையாகத்தான் இருக்கும்.

இதன் விலை என்ன என்பது 1793இல் தெரிந்தது. தெற்கு ஜெர்மனியில் வுர்ட்டம்பெர்க் நாட்டின் வில்ட்பாட் என்ற ஊர். பன்றியின் இரைப்பைக்குள் ரத்தத்தையும் மசாலாவையும் அடைத்துப் புகை போடுவது அந்தப் பகுதியின் பண்டம். அதைத் தின்ற 13 பேர் படுத்தார்கள், 6 பேர் இறந்தார்கள். அதே நாட்டில் யுஸ்டினுஸ் கெர்னர் என்று ஒரு மருத்துவர் இருந்தார். ஜெர்மன் இலக்கியத்தில் அவர் பெயர் கவிஞராகத்தான் நிற்கிறது, அது தனிக்கதை. ரத்த சாசேஜும் ஈரல் சாசேஜும் தின்று விழுந்தவர்களை அவர் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். 1820இல் 76 நோயாளிகள், 1822இல் 155. இமை சரிகிறது, வாய் உலர்கிறது, விழுங்க முடியவில்லை, மூச்சு நிற்கிறது, கடைசிவரை நினைவு தவறுவதில்லை என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். கெட்ட சாசேஜிலிருந்து சாறு எடுத்து விலங்குகளுக்குக் கொடுத்தார். சில சொட்டுகளைத் தானே விழுங்கியும் பார்த்தார். தைரியம் என்பதா, பைத்தியக்காரத்தனம் என்பதா தெரியவில்லை.

விஷம் ஒரு வகைக் கொழுப்பு அமிலம் என்று அவர் நினைத்தது தவறு. அது நரம்பின் வேலையை நிறுத்துகிறது, காற்றுப் படாத இடத்தில்தான் உண்டாகிறது என்று சொன்னது மிகச் சரி. இரைப்பையில் அடைத்த சாசேஜ் ஒரு சிறு தலையணை மாதிரி இருக்கும். வெளிப்பக்கம் புகையும் காற்றும். உள்ளே காற்றில்லாத, ஈரமான, புரதம் நிறைந்த இருட்டு. 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் இழவு வீட்டுக்கு வாசிக்க வந்த பேண்டு வாத்தியக்காரர்கள் உப்பிட்டுப் புகைத்த பச்சைப் பன்றித்தொடையைத் தின்று விழுந்தார்கள், மூவர் இறந்தார்கள். எமில் வான் எர்மெங்கெம் அந்தத் தொடையிலிருந்து காற்றில்லாமல் வளரும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். சாசேஜுக்கான லத்தீன் சொல் 'பொட்டுலுஸ்'. நோய்க்கு பொட்டுலிசம் என்ற பெயர் அதிலிருந்துதான். இன்று முகச்சுருக்கம் போக்க ஊசியில் ஏற்றும் பொட்டாக்ஸ் அதே விஷத்தின் மிகச் சிறிய அளவு. இதை மருந்தாகவும் பயன்படுத்தலாம் என்று கெர்னரே எழுதியிருந்தார்.

அந்த பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் சாகாது, 121 டிகிரி வேண்டும். ஆனால் அது சுரந்துவிட்ட விஷம் பத்து நிமிடக் கொதியில் செயலிழந்துவிடும். வில்ட்பாடில் இறந்தவர்கள் அந்த சாசேஜைத் துண்டு போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டுத் தின்றிருந்தால் பிழைத்திருக்கலாம்.

கோர்சிகாவுக்குத் திரும்புவோம். 2010இல் மார்சேய் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சூப்பர் மார்க்கெட்டுகளில் வாங்கிய 12 ஃபிகாடெல்லுகளில் 7இல் ஹெபடைட்டிஸ் ஈ வைரஸின் மரபணுப் பொருள் இருந்தது. மஞ்சள் காமாலை தரும் இந்த வைரஸ் நமக்குப் பழைய எதிரி. 1955-56இல் டில்லியில் யமுனைத் தண்ணீர் கெட்டு சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்ததே, அதன் காரணி இதுதான் என்று பின்னாளில் உறுதியானது. நம் ஊரில் அது தண்ணீரில் வருகிறது. ஐரோப்பாவில் அதன் வேறொரு வகை பன்றியின் ஈரலில் குடியிருக்கிறது. ஈரல் கடைக்கு வந்த பிறகு கை பட்டு ஒட்டிய அழுக்கு என்றால் கழுவலாம், புகையும் கொஞ்சம் உதவும். இது பன்றி உயிரோடு இருக்கும்போதே ஈரலின் செல்லுக்குள் புகுந்த கிருமி. உறுப்பின் எந்த மூலையிலும் இருக்கும். பன்றி ஈரல் கலவையில் செய்த சோதனையில், நடுப்பகுதி 71 டிகிரியில் 20 நிமிடம் இருந்தால்தான் வைரஸ் முழுதாகச் செயலிழந்தது. ஃபிகாடெல்லு பொட்டலத்தில் 'உட்புறம்வரை வேகவைத்து உண்ணவும்' என்ற எச்சரிக்கை வந்தது இதனால்தான். சீவித் தின்று பழகிய கிழவர்களுக்கு இது பிடித்திருக்காது.

சரி, இத்தனை தொல்லை தரும் உறுப்பில் அப்படி என்ன இருக்கிறது? கணக்காகவே பார்க்கலாம். 100 கிராம் பச்சை மாட்டு ஈரலில் சுமார் 59 மைக்ரோகிராம் வைட்டமின் பி12 உண்டு. நம் ஒரு நாள் தேவை 2.4. வேறெந்த அன்றாட உணவும் இதன் அருகில் வராது. 1926இல் பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், அதுவரை மரணத்தில் முடிந்த ஒரு வகை ரத்தசோகையை ஈரல் கொடுத்தே மீட்டார்கள். 45 நோயாளிகள், தினமும் கால் கிலோ அளவு வரை ஈரல். பி12 என்ற பெயரே அப்போது கிடையாது. அது 1948இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த நோயாளிகளின் இரைப்பையில் பி12ஐப் பிடித்து உள்ளே சேர்க்கும் புரதம் இல்லை. ஆனாலும் வந்து சேரும் பி12இல் நூற்றில் ஒரு பங்கு அந்தப் புரதம் இல்லாமலும் உடம்பில் சேரும். 200 கிராம் ஈரலில் 118 மைக்ரோகிராம் என்றால் ஒன்றுக்குச் சற்று மேல் சேரும். உயிரைப் பிடித்துவைக்க அது போதும். நோபல் பரிசு 1934இல் வந்தது. அவர்களுக்கு வழிகாட்டிய விப்பிலும் அதில் பங்குதாரர். ரத்தம் எடுத்துச் சோகையாக்கிய நாய்களை அவர் ஈரல் கொடுத்துத் தேற்றியிருந்தார். உண்மையில் அந்த நாய்களைத் தேற்றியது ஈரலின் இரும்புச்சத்து. தவறான காரணம் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டது.

புகை இந்தச் சத்துகளை என்ன செய்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. பி1 கொஞ்சம் குறையும். பி12ம் இரும்பும் வைட்டமின் ஏயும் அசையாது. சொல்லப்போனால் கூடும், அதாவது கூடுவது போலத் தெரியும். ஈரலில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். 100 கிராம் ஈரல் உலர்ந்து 67 கிராம் ஆனால் சத்து அப்படியே அந்த 67 கிராமுக்குள் நிற்கும். 100 கிராமுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை மடங்கு. உப்பும் அப்படித்தான். 100 கிராமில் 2 முதல் 3 கிராம் உப்பு சாதாரணம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வைட்டமின் ஏ இன்னும் உஷாராகப் பார்க்க வேண்டியது. மாட்டு ஈரலில் 100 கிராமுக்கு சுமார் 5,000 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு நாள்தோறும் போகக்கூடிய உச்சவரம்பு 3,000. என்றைக்கோ ஒரு நாள் தின்றால் உடம்பு சமாளித்துக்கொள்ளும், தினமும் என்றால் சேரும். கருவுற்ற பெண்களின் விஷயம் தனி. இந்தச் சத்து மிகுந்தால் கருவின் உருவாக்கமே பிசகலாம் என்பதால் பிரிட்டனில் அவர்களை ஈரலைத் தொடாதீர்கள் என்றே சொல்கிறார்கள். அதே நேரம் கர்ப்பிணிக்கு இரும்பு வேண்டுமே? இங்கேதான் கறிக்கடையில் முன்பதிவு செய்கிறவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. சுவரொட்டி என்பது மண்ணீரல். வயதான சிவப்பணுக்களை உடைத்து இரும்பை மீட்கும் பட்டறை அது. செம்மறியின் மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. மாட்டு ஈரலில் 5, பன்றி ஈரலில் 23. வைட்டமின் ஏ மண்ணீரலில் கிட்டத்தட்ட இல்லை. ரத்தசோகைக்கு ஈரலைவிடச் சுவரொட்டியைத் தேடியவர்கள் இந்த எண்களைப் பார்த்தவர்கள் இல்லை. கீல்வாதத்தில் யூரிக் அமிலத் தொல்லை இருப்பவர்கள் மட்டும் ஈரலோ சுவரொட்டியோ எதுவானாலும் தள்ளி நிற்பது நல்லது.

புகையின் கெடுதலையும் சொல்லிவிட வேண்டும். விறகு கொழுந்துவிட்டு எரிந்தாலோ, கொழுப்பு நெருப்பில் சொட்டிப் புகைந்தாலோ பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்க் காரணிகள் உண்டாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரிலிருந்து புகைத்த இறைச்சியில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம்தான் இருக்கலாம் என்று வரம்பை இறுக்கியது; அதற்கு முன் 5. உப்பிட்டும் புகைத்தும் பதப்படுத்திய இறைச்சி அனைத்தையும் 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது அதன் கணக்கு. நூறில் 18 பேருக்கு வரும் என்று இதற்குப் பொருளில்லை. இருக்கிற வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறும். 'தினமும்' என்ற சொல்லையும் கவனியுங்கள். இந்தச் சேர்மங்கள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்குவதால் கரிபிடித்த தோலை உரித்து எறிவதில் நிஜமான பலன் உண்டு.

இனி அடுப்படிக்கு வரலாம். உள்ளுறுப்பு என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், ஒவ்வொன்றும் வேறு சாதி. ஈரலில் இணைப்புத்திசு மிகக் குறைவு. மெல்லிய சூட்டில் பதமாக வேகும். தாண்டினால் மணல் மாதிரி ஆகிவிடும். இதயமோ ஓய்வே அறியாத தசை. கொழுப்பு குறைவு, நிறம் அடர்த்தி, கடி உறுதி. வடக்கு ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் கலைமான் இதயத்தை உப்பிட்டுப் புகைத்து, காகிதம் போலச் சீவித் தின்பார்கள். மெல்லிதாகச் சீவுவதால் நார் குறுக்கே அறுபட்டு மிருதுவாகிறது. நாக்கில் கொலாஜன் நிறைய. அதை இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டு, சூடாக இருக்கும்போதே சொரசொரத் தோலை உரிக்க வேண்டும். ஆறவிட்டால் தோல் பிடிவாதம் பிடிக்கும்.

குடலுக்குப் பொறுமை அதிகம் வேண்டும். பிரான்சின் பிரெத்தான் பகுதியில் கெமெனே என்ற ஊரின் ஆண்டூயி சாசேஜை வட்டமாக அறுத்துப் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையம் போல வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும். இருபதுக்கு மேற்பட்ட பன்றிக் குடல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டை மாட்டுவது போல இழுத்து மாட்டி, புகைத்து, உலர்த்தி, கடைசியில் கொதிநீரில் நீண்ட நேரம் வேகவைப்பார்கள். நாகாலாந்திலும் இதே அறிவு வேறு உருவத்தில் இருக்கிறது. சமையலறை நடுவில் அடுப்பு, அதன் மேலே மூங்கில் பரண், அதில் வாரக்கணக்கில் காயும் பன்றிக்கறியும் குடலும். சமைக்கும் நாளில் வெந்நீரில் ஊறவைத்துக் கரியைச் சுரண்டிக் கழுவுவார்கள். முதல் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இறங்கும். பிறகு நொதித்த சோயா அக்குனியும் மிளகாயும் போட்டு நெடுநேரம் கொதி. பச்சையாகச் சீவித் தின்னும் பேச்சே இல்லை.

அதிர்ஷ்டவசமாகச் சுவரொட்டி கிடைத்தால் நான் செய்வது இதுதான். மேலே இருக்கும் சவ்வில் முள்கரண்டியால் நாலைந்து குத்து. இல்லாவிட்டால் சூட்டில் சட்டென்று சுருண்டு வெடிக்கும். தேங்காய் ஓட்டுக் கரி கொழுந்து அடங்கிச் சாம்பல் பூத்த பிறகு கம்பி வலை மேல் வைப்பேன். கொழுப்பு சொட்டாத உறுப்பு என்பதால் புகை கறுப்பாக வராது. விரல் தடிமன்கூட இல்லாத தட்டையான துண்டு, நெருப்பு நடுவரை போக அதிக தூரமில்லை. பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம். ஓரம் கருகி வாசனை ஏறியதும் ஆளுக்காள் 'போதும், எடு' என்பார்கள். எடுக்காமல், தடித்த இடத்தில் ஒரு கீறு கீறிப் பார்ப்பேன். சிவப்புச் சாறு கசிந்தால் துண்டு போட்டு, மிளகும் உப்பும் நல்லெண்ணெயும் விட்ட தோசைக்கல்லுக்கு மாற்றி, மூடி வைத்து, இன்னும் ஐந்து நிமிடம்.